ஞாயிற்றுக்கிழமை மாற்றிய ஸ்க்ரீன்

என் லேப்டாப்பின் ஸ்க்ரீனை மாற்றலாமா வேண்டாமா என்று ஏழெட்டு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினேன். மறுநாள் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், உண்டு. அதைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வர வேண்டாம், அதற்காக எழுதவில்லை.

திருப்பூரில் குழந்தைத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுப் பையர் கேட்பதை இங்கே சாயப்பட்டறைக்காரருக்கும் தையல்காரருக்கும் புரியவைக்க வேண்டும். இவர்கள் செய்யும் தப்பு பையருக்குப் புரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் தப்புச் செய்தாலும் முதல் திட்டு எனக்குத்தான். வாங்கிய திட்டைச் சூடு ஆறுவதற்குள் எனக்குக் கீழே இருப்பவர் தலையில் இறக்கிவிடுவேன். பன்னிரண்டு வருடமாக இதில்தான் சோறு தின்கிறேன், நன்றாகவே தின்கிறேன்.

கம்பெனியில் லேப்டாப் தரமாட்டார்கள், நாமே கொண்டுபோக வேண்டும். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்ததைப் பார்த்து வாங்கினேன். வாங்கிய அன்றே அதன் ஸ்க்ரீனோடு எனக்குச் சண்டை ஆரம்பித்துவிட்டது. நேராக உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் வெளுத்துத் தெரியும். கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தால் மஞ்சள் தட்டும். மூடியைப் பின்னால் சாய்த்தால் மனிதர்கள் எல்லாம் பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி ஆகிவிடுவார்கள். போதாக்குறைக்கு மேலே கண்ணாடிப் பளபளப்பு வேறு. கறுப்பாக ஏதாவது படம் வந்தால் அதில் என் மூஞ்சிதான் தெரியும். காலையில் தலை சீவ அது ஒன்றுக்குத்தான் உதவியது.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் எப்போதும் ஒரு லென்சை ஏற்றி வைத்திருப்பார்.

“ஏனுங்க, இது கம்மி வெலைப் பேனலுங்க. இருக்கற கலர்ல பாதியத்தாங் காட்டும். நல்ல பேனலா ஒண்ணு போட்டு உட்டுர்றனுங்க. இதே ஒயர்லயே சேந்துக்கும். எங்கிருந்து பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்” என்றார்.

“லேப்டாப் வெலையில மூணுல ஒரு பங்கு ஸ்க்ரீனுக்கே ஆகுமுங்களே?”

“ஆமாங்க. அத நீங்க வாங்கறப்பவே யோசிச்சிருக்கோணும்.”

இந்தப் பதில் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அதே புராணம். இந்த ஓட்டை லேப்டாப்புக்கு இவ்வளவு நல்ல ஸ்க்ரீன் எதற்கு என்று ஒரு நாள் தோன்றும். இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம் என்று மறுநாள் தோன்றும். புதுசின் விலையைப் பார்த்ததும் பேனலே தேவலை என்றாகும். பேனல் மாற்றுகிற வீடியோக்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்து எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் மனப்பாடம். சோற்றில் கை வைக்கும்போதும் அதே பேச்சு. என் மனைவி ஒரு நாள் ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க, மாத்தறதுன்னா மாத்துங்க, இல்லீன்னா உட்டுத் தொலைங்க. எம்பட மூஞ்சிய ஒரு நாளாச்சு இத்தன உத்துப் பாத்திருப்பீங்களா?”

அவள் சொன்னது நியாயம். நான் சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடியும் வீடியோ பார்த்தேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டுத் துணியின் நிறத்தைப் பார்க்கிற பெட்டி. சாயப்பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் A, B, C என்று மூன்று சின்னத் துண்டுகளைச் சாயத்தில் முக்கி அனுப்புவார்கள். பையர் கேட்ட நிறத்தோடு எது ஒத்துப்போகிறது என்று அந்தப் பெட்டியில் வைத்துப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் நூல் வரவில்லை என்று வீட்டில் இருப்பார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் கம்பெனியில் ஒன்பது வருடம் செக்கிங் மேசையில் நின்றபடியே பிசிறு வெட்டினாள். ஒரு தடவை வேறு வேறு நாளில் சாயம் போட்ட சட்டைக் கைகள் கலந்துபோய்விட்டன. எங்கள் எல்லோருக்கும் ஒரே வெள்ளையாகத் தெரிந்த குவியலை இவள் பேசிக்கொண்டே இரண்டாகப் பிரித்துப் போட்டாள். சோதித்துப் பார்த்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலாளி அன்றைக்கே விளக்குப் பெட்டி அறையில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் போட்டுக்கொண்டாள். கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று கேட்பவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எனக்கு அவளைப் பிடிக்காது. அதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. பத்தாவது தாண்டாதவள், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். நான் டெக்ஸ்டைல் படித்தவன், பத்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருப்பேன். அவள் சொன்னதும் “அதேதான், நானும் அதத்தான் நெனச்சேன்” என்பேன். இப்படியே மூன்று வருடம். ஒரு பொம்பளையின் வாயைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோமே என்று உள்ளே எரியும். அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதனால் எரிச்சல் கூடத்தான் செய்தது.

அப்போது பச்சைக் குழந்தைகளுக்கான ஆர்டர் ஒன்று வந்தது. பீச் நிறம், அதாவது வெளிர் ஆரஞ்சு. பையர் மெயிலில் நிறத்தின் நம்பரையும் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். அந்த நம்பருக்கான துணிச் சதுரம், நிற மாதிரிகள் ஒட்டிய எங்கள் ஷேட் புத்தகத்தில் இருக்க வேண்டும். அது இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. எங்கள் ஊரில் ஷேட் புத்தகம் முழுசாக இருக்கிற கம்பெனியை நான் பார்த்ததில்லை. சாயப்பட்டறைக்காரர் வந்து அவசரம் என்று நிற்பார், நாங்கள் கத்தரியால் சதுரத்தை வெட்டிக் கொடுத்துவிடுவோம், போனது திரும்பி வராது. இந்தச் சதுரத்தைப் போன வருடம் வெட்டிக் கொடுத்தவன் நான்தான். புதுசு வாங்கினால் வந்துசேர ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் விட்டால் சாயப்பட்டறையில் எங்கள் முறை போய்விடும்.

அதனால் மூன்று துண்டுகளையும் எடுத்து வந்து, என் லேப்டாப்பில் அந்தப் படத்தைத் திறந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறத்தை ஒரு நாளும் ஸ்க்ரீனில் பார்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவது. அதிலும் என் ஸ்க்ரீனில். மூடியை முன்னால் சாய்த்தேன், பின்னால் சாய்த்தேன். ஒரு சாய்மானத்தில் C பொருந்தியது போலிருந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

“C போட்டுரலாம்” என்றேன்.

அவள் துண்டுகளை வாங்கிப் பார்த்தாள். “சார், C செவக்குதுல்லா. B தான் சார். போன வருசம் கவுனுக்கு இதே நம்பர்தான ஓட்டுனோம். எனக்கு ஞாவகம் இருக்கு.”

“நம்பரு ஞாபகமா, கலரு ஞாபகமா?”

“ரெண்டுந்தான் சார்.”

ஆபீஸில் அப்போது நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் வழக்கம்போல “அதேதான்” என்றிருப்பேன். “ஏனம்மிணி, உங்கூர்ல உப்பளத்தத் தவிர நீ என்னத்தப் பாத்திருக்கறே? அங்க எல்லாமே வெள்ளதான? கம்ப்யூட்டரே C-ன்னு காட்டுது, அதுக்கு மேல உனக்குத் தெரியுமாக்கும்?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சிரிக்கிற சிரிப்பு அது. எனக்கு அது நன்றாகத் தெரியும், முதலாளி முன்னால் நானும் அதைத்தான் சிரிப்பேன்.

முடிவான துண்டை ஓர் அட்டையில் ஸ்டேப்ளர் அடித்து, நிறம் பார்த்தவர் ஒரு கட்டத்திலும் ஒப்புக்கொண்டவர் இன்னொரு கட்டத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்தவர் அவள், ஒப்புக்கொள்பவன் நான். அவள் முதலில் போடுவாள். நான் எப்போதும் பிறகுதான் போடுவேன், சில சமயம் துணியே சாயமாகி வந்த பிறகு. அதைக் கேட்பார் கிடையாது. அன்றைக்கும் “நீ போடு, நான் அப்புறம் போட்டுக்கறேன்” என்று அட்டையை நீட்டினேன்.

அவள் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினாள். “சார், நான் B-ன்னுதான சொன்னேன்.”

“போடு அம்மிணி. எதுனாலும் நான் பாத்துக்கறேன்.”

போட்டாள். எனக்கு ஒரு போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டேன். அட்டை என் கட்டம் காலியாகவே சாயப்பட்டறைக்குப் போனது. இதைத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று யாராவது நினைத்தால் அது எனக்கு அதிகப்படியான மரியாதை. வெறும் சோம்பேறித்தனம்தான்.

துணி முழுக்கச் சாயமேறி வந்தது. பையரின் ஆபீஸிலிருந்து சோதிக்க வந்தவர் தன் பையிலிருந்து அந்த நம்பருக்கான சதுரத்தை எடுத்துத் துணிமேல் வைத்தார். உட்காரக்கூட இல்லை. “சிவப்பு ஏறியிருக்கு” என்றார். அவ்வளவுதான், ஒரு மீட்டர்கூட மிஞ்சவில்லை. நிறம் கெட்ட துணிக்கு எங்கள் ஊரில் ஒரே கதிதான், கறுப்பில் முக்கி எடுப்பது. கைக்குழந்தைக்குச் சட்டையாகிக் கப்பலேற வேண்டியது கறுப்பு டவுசராகிக் காதர்பேட்டை மலிவுத் துணிக் கடைகளில் மூட்டை மூட்டையாகப் போகும்.

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். அன்றைக்கு மரியாதை ரொம்பவே கூடியிருந்தது.

“இத ஆருங்க சாமி ஓகே பண்ணுனது?” என்று கேட்டு அட்டையை மேசைமேல் வைத்தார். அதில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது.

“ஷேடு பாக்கறது இவங்கதானுங்க” என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று எனக்குள் சரிபார்த்துக்கொண்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முதலாளியிடம், “சார், நான் B-ன்னுதான் சொன்னேன். இவியதான் லேப்டாப்புல வச்சுப் பாத்துட்டு C-ன்னாவ. அந்த லேப்டாப்பக் கொண்டாந்து பாருங்க சார். அதுல B-யும் C-யும் ஒண்ணு போலதான் தெரியும்” என்றாள்.

“அப்படிங்களா தம்பி?”

“இல்லீங்க. எம்பட ஸ்க்ரீன்ல எல்லாம் நல்லாத் தெரியுமுங்க.”

“லேப்டாப் எங்கீங்க?”

அது என் வண்டிப் பெட்டிக்குள் இருந்தது. “ஊட்ல இருக்குதுங்க” என்றேன்.

முதலாளி நியாயஸ்தர், அதுதான் சங்கடம். “செரி, திங்கக்கெழம எடுத்துட்டு வாங்க. அந்தச் சதுரத்தையும் மூணு துண்டையும் பக்கத்துல வெச்சு எல்லாருமாப் பாத்துருவோம். ஆரு மேல தப்போ அவங்க கெளம்பிக்கட்டும்” என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். பத்து வருட சூப்பர்வைசரை இதே குரலில் அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எனக்குப் போன் செய்தாள். பின்னால் பிள்ளைகள் ஏதோ பாடம் ஒப்பிக்கிற சத்தம்.

“சார், நேத்து பெரிய சார் முன்னாடி நான் அப்படிப் பொசுக்குன்னு சொல்லிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்கிடாதீங்க. நாளைக்கி நீங்க ஸ்க்ரீன் கோளாறுன்னு சொல்லிருங்க சார். ஸ்க்ரீன் செஞ்ச தப்புன்னா உங்களையும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ, என்னையும் அனுப்ப மாட்டாவ. வேற எந்தக் கம்பெனிக்குப் போனாலும் எனக்கு நின்னுக்கிட்டுதான் சார் வேல. கால் தாங்காது சார்.”

“செரி அம்மிணி. கவலப்படாதே” என்றேன்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். நல்ல யோசனைதான். இரண்டு பேரும் பிழைத்துக்கொள்ளலாம். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் உண்மை. ஆனால் அதைச் சொன்னால் இன்னொன்றும் கூடவே வெளியே வரும். அவள் B என்று சொன்னாள், அதுதான் சரி, நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆபீஸில் எந்த நிறம் வந்தாலும் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மூன்று வருடமாக நான் ஒளித்து ஒளித்துச் செய்ததை ஊரறியச் செய்ய வேண்டிவரும். ஏழெட்டு மாதம் முடிவெடுக்கத் தெரியாதவன் அரை மணி நேரத்தில் முடிவெடுத்தேன். ரிப்பேர் கடை லென்ஸ்காரருக்குப் போன் போட்டேன்.

“எட்டு மாசமா எட்டிப் பாக்காத ஆளு, ஞாயித்துக்கெழம கடையத் தொறக்கச் சொல்றீங்க. அப்பிடி என்னுங்க அவசரம்?” என்று கேட்டபடியே ஷட்டரைத் தூக்கினார்.

“ஆபீஸ் வேலைங்க. இன்னைக்கே ஆகோணும்.”

மூன்று நிறத்திலும் என் பையில் கிடந்த மிச்சத் துண்டுகளை எடுத்துப் போயிருந்தேன். முதலில் பழைய ஸ்க்ரீனிலேயே அந்தப் படத்தைத் திறந்து, B-யையும் C-யையும் பக்கத்தில் வைத்து அவரிடம் கேட்டேன். அவர் அப்படியும் இப்படியும் சாய்ந்து பார்த்தார். “இதுல ரெண்டும் ஒண்ணாத்தானுங்க தெரியுது. இத வெச்சுட்டு ஒண்ணுஞ் சொல்ல முடியாது” என்றார். அவள் முதலாளியிடம் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டார். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அதோடு போயிற்று.

வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஓரச் சட்டத்தை நகத்தால் நெம்பிக் கழற்றினார், திருகாணிகளை ஒரு மூடியில் போட்டுவைத்தார், பட்டை ஒயரைப் பிடுங்கினார். புதுப் பேனலில் பளபளப்பே இல்லை. பழைய சட்டத்தையே திரும்ப மாட்டச் சொன்னேன். அதன் கீறல், ஓரத்து அழுக்கு, என் சின்ன மகள் ஒட்டிய பூ ஸ்டிக்கர் எல்லாம் அப்படியே இருந்தன. “பழைய பேனல எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

லேப்டாப்பைப் போட்டதும் நான் வாயைப் பிளந்தேன். அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு தெளிவு. பேசாமல் எட்டு மாதத்துக்கு முன்னாலேயே மாற்றியிருக்கலாம் என்று தோன்றியது. லென்ஸ்காரர் துண்டுகளை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“பாத்தீங்களா? B அப்படியே ஒட்டுது. C எப்பிடிச் செவக்குது பாருங்க.”

பார்த்தேன். குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். படம்தான் பளிச்சென்று இருந்தது. B-யும் C-யும் எனக்கு முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் C கொஞ்சம் கிட்டத்தில் இருப்பதாகவே தோன்றியது.

அவர் ஸ்க்ரீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க, உங்களுக்குச் செவப்புத் தெரியறதில்லீங்களா?”

“தெரியாம என்னுங்க? B தான்” என்றேன்.

வெளியே வந்து வண்டிமேல் உட்கார்ந்தேன். கிளப்பத் தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் ஸ்க்ரீனைத் திட்டினேன். அதற்கு முன்னால் ட்யூப் லைட்டைத் திட்டினேன், சாயப்பட்டறைக்காரரின் பரம்பரையையே திட்டினேன். கோளாறு என் கண்ணில் இருந்திருக்கிறது. நிறத்தை வைத்துச் சோறு தின்கிற ஊரில், நிறம் தெரியாதவன் பன்னிரண்டு வருடம் தின்றிருக்கிறேன். இனிமேல்தான் அவள் உனக்கு வேண்டும், போய் உண்மையைச் சொல் என்று புத்தி சொன்னது. ஆனால் மூன்று வருடமாக நான் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்ததை அவள் கவனிக்காமலா இருந்திருப்பாள் என்றும் தோன்றியது. தெரிந்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது இன்னும் பயம். வண்டியைக் கிளப்பி வீட்டுக்குப் போய் மத்தியானக் கறிச்சோறு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி மேசைமேல் லேப்டாப்பைத் திறந்துவைத்தேன். மேனேஜரும் தையல் பகுதி சூப்பர்வைசர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். படத்துக்குப் பக்கத்தில் பையரின் சதுரம், அதற்குப் பக்கத்தில் B, C. ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே நொடிதான் ஆயிற்று.

“B-ன்னு கொழந்தைக்குங்கூடத் தெரியுமுங்களே” என்றார் மேனேஜர்.

“இத்தன தெளிவாத் தெரியறப்ப நான் C-ன்னு சொல்லுவனுங்களா?” என்றேன்.

அவள் மேசைக்குக் கிட்டே வந்தாள். துண்டுகளைப் பார்க்கவில்லை. ஸ்க்ரீனை மட்டும் பார்த்தாள், பக்கவாட்டில் குனிந்து ஒரு தடவை பார்த்தாள்.

“இது அந்த ஸ்க்ரீன் இல்ல சார்” என்றாள் முதலாளியிடம். “முன்ன இதுல நம்ம மூஞ்சி தெரியும். இப்பத் தெரியல, பாருங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். “ஏனம்மிணி, நீ ஷேடு பாக்க வந்தியா, மூஞ்சி பாக்க வந்தியா? C எப்பிடி ஓகே ஆச்சுன்னு இப்பல்ல தெரியுது.”

சூப்பர்வைசர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரித்தார். முதலாளிகூட மீசையைத் தடவிக்கொண்டார். இங்கே பொய் சொல்லக் கூடாது, அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அடுத்தவளை ஒரே வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்ட ருசி அது. அவள் என் பக்கம் திரும்பி, மெதுவாக, “நேத்து சரின்னுதான சார் சொன்னீய?” என்றாள். நான் மூடியைச் சாத்தி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே அவளை அனுப்பினார்கள். நாற்காலியிலிருந்து அந்த மெத்தையை எடுத்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செக்கிங் மேசைகளைத் தாண்டி வெளியே போனாள். பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கவில்லை. மறுநாள் முதலாளி சொன்னார்: “இத்தன நல்ல ஸ்க்ரீன் கைல இருக்கறப்ப ஷேடுக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குங்? தம்பியே பாத்துக்கட்டும்.” விளக்குப் பெட்டி அறையின் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

நீலம், சாம்பல், பச்சை என்று முதல் இரண்டு மாதம் எப்படியோ ஓடிற்று. சந்தேகம் வந்தால் வழியில் போகிற யாரையாவது பிடித்து, “எங்க, உங்களுக்குத் தெரியுதான்னு பாப்போம்” என்று பரீட்சை வைக்கிறவன் மாதிரி கேட்பேன். மூன்று பேர் ஒன்றையே சொன்னால் அதை வைத்துக்கொள்வேன். அப்புறம் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. மூன்று பேரைக் கேட்டதில் மூன்று பேரும் வேறு வேறு எழுத்தைச் சொன்னார்கள். மறுநாள் காலை அட்டை சாயப்பட்டறைக்குப் போயாக வேண்டும். சாயந்திரம் ஐந்து மணிக்கு நான் மூன்று துண்டுகளையும் சதுரத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அவள் அவிநாசிபாளையத்துக்குப் பக்கம் வீடு மாற்றிப் போயிருந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் மறுபடியும் பிசிறு வெட்டுவதாகச் சொன்னார்கள். வரிசை வீட்டில் கடைசி வீடு. அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தாள். இரண்டு கெண்டைக்காலிலும் துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் இறுகியது, பிறகு “வாங்க சார்” என்று சொல்லி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

துண்டுகளை எடுத்து நீட்டினேன். அவள் ஏனென்று கேட்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் சதுரத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உடனே மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

“சொல்லுதேன் சார். ஆனா நாளைக்கி நீங்க பெரிய சார்ட்ட போயி, நான்தான் ஸ்க்ரீன மாத்துனேன்னு ஒரு வார்த்த சொல்லணும். எனக்கு அந்த வேலகூட வேண்டாம். ‘அம்மாவ என்னத்துக்கு அனுப்புனாவ’ன்னு எம் பிள்ளையள்ட்ட மத்த பிள்ளைய கேக்குதுவ. தப்பு எம்மேல இல்லன்னு அந்தக் கம்பெனில தெரிஞ்சாப் போதும்.”

“பாக்கலாம் அம்மிணி” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “உங்களுக்குச் செவப்பு தெரியாதுன்னு மொத மாசமே எனக்குத் தெரியும் சார்” என்றாள். “ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கிப் பெரிய சார் முன்னாடிகூடச் சொல்லல. சொல்லிருந்தா அப்பவே உங்க சோலி முடிஞ்சிருக்கும். ஸ்க்ரீனத்தான சொன்னேன்.”

அவமானத்தில் அங்கேயே விழுந்துவிடலாம் போலிருந்தது. ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டுத் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். வண்டியைக் கிளப்பும்போது உள்ளேயிருந்து ஒரு பிள்ளை “யாரும்மா அது?” என்று கேட்டது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று காதில் விழவில்லை.

மறுநாள் காலை கண்ணை மூடிக்கொண்டு A-வை எடுத்து அட்டையில் ஸ்டேப்ளர் அடித்தேன். இரண்டு கட்டத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். துணி சாயமாகி வந்தது. பையரின் ஆள் சதுரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, அச்சு அசலாக இருக்கிறது என்றார். முதலாளி எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, “கண்ணுன்னா இதுங்க கண்ணு” என்றார். நான் சிரித்துக்கொண்டே அவருக்குக் கும்பிடு போட்டேன்.